கொன்ற கை கணக்குச் சொல்ல வேண்டும்

மனித உயிரை மனிதர் பறிக்கலாமா என்ற கேள்விக்குக் கிறிஸ்தவ மரபு இரண்டு விடைகளைத் தந்திருப்பதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. எந்தச் சூழலிலும் கொல்லலாகாது என்பது ஒன்று. அநீதியைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது உரிய அதிகாரத்தின் ஆணைப்படி ஆயுதம் ஏந்தலாம் என்பது மற்றொன்று. முதல் நிலைப்பாடு கிறிஸ்தவ அகிம்சை என்றும், இரண்டாவது நியாயப் போர்க் கோட்பாடு என்றும் அழைக்கப்படுகின்றன. இவ்விரண்டோடு, அதிகம் பேசப்படாத மூன்றாவது சிந்தனை ஒன்றும் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக இம்மரபில் ஓடிவருகிறது. கொல்வது அனுமதிக்கப்பட்ட இடத்திலும்கூட, கொன்றவர் கடவுளின் முன் நின்று அந்த உயிருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், மனம் வருந்தித் தவம் செய்ய வேண்டும் என்பதே அது. கிறிஸ்தவ வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், இந்தக் கணக்கு கேட்கப்பட்ட காலங்களில் மனித உயிருக்கு ஓரளவேனும் காவல் இருந்ததையும், அது கைவிடப்பட்ட காலங்களில் சிலுவையின் பெயராலேயே குருதி ஓடியதையும் காணலாம்.

சாயலும் பாவமும்

கிறிஸ்தவம் மனித உயிருக்குத் தரும் மதிப்பின் அடிப்படை விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலில் உள்ளது. கடவுள் மனிதரை ஆணும் பெண்ணுமாகத் தம் சாயலில் படைத்தார் என்று அந்நூல் கூறுகிறது. சாயல் என்பது உடல்தோற்றத்தைக் குறிப்பதன்று. அறிவு, மனச்சான்று, அன்புசெய்யும் ஆற்றல், படைப்பைப் பேணும் பொறுப்பு ஆகியவற்றால் மனிதர் கடவுளோடு உறவுகொள்ளத் தக்கவராக இருக்கிறார் என்பதே இறையியலாளர் தரும் விளக்கம். இந்தச் சாயல் ஒருவர் உழைத்துச் சம்பாதித்தது அன்று என்பதால், வறுமையோ நோயோ அடிமைத்தனமோ குற்றமோ அதை முற்றிலும் அழித்துவிட முடியாது என்பது பெரும்பான்மை மரபின் நிலைப்பாடு.

பாவம் என்பதும் இந்த அடிப்படையிலிருந்தே புரிந்துகொள்ளப்படுகிறது. அது விதிமீறல் மட்டுமன்று, கடவுளோடும் பிற மனிதரோடும் உள்ள உறவின் முறிவு. மனிதகுலம் முழுவதும் இந்த முறிவுக்குள்ளேயே பிறக்கிறது என்ற கருத்து பிறவிப் பாவம் எனப்படும். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயராக இருந்த அகுஸ்தினார் (354–430), முதல் பெற்றோரின் குற்றமே வழிவழியாக வருகிறது என்று அதை விளக்கினார். கிழக்குத் திருச்சபைகளோ, வழிவழியாக வருவது குற்றம் அன்று, சாவுக்கும் பலவீனத்துக்கும் உட்பட்ட நிலையே என்று கருதுகின்றன. இந்த வேறுபாடு இருந்தாலும், வன்முறை என்பது சில தீயவர்களின் தனிக்குணம் அன்று, எல்லா மனிதரின் உள்ளத்திலும் வேர்கொண்டுள்ள சாத்தியம் என்பதில் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன.

தொடக்கநூலில் முதல் பாவத்தை அடுத்து உடனே முதல் கொலை வருகிறது. காயின் தன் தம்பி ஆபேலைக் கொல்கிறான். சிந்திய குருதி மண்ணிலிருந்து கடவுளிடம் முறையிடுகிறது. கடவுள் காயினை நாடோடியாக அலையவிடுகிறார், எனினும் அவனை எவரும் கொன்றுவிடாதபடி அவன்மேல் ஓர் அடையாளமும் இடுகிறார். கொலையுண்டவனுக்கு நீதி கேட்கும் கடவுளே கொலைகாரனின் உயிருக்கும் காவலாக நிற்கிறார். ஆனால் அதே நூலில், ஊழிவெள்ளத்துக்குப் பின் நோவாவுக்குத் தரப்படும் கட்டளை கொலைக்கு உயிர்த்தண்டனையைச் சொல்கிறது. அதற்குக் காரணமாகவும் அதே கடவுளின் சாயலையே காட்டுகிறது. மரண தண்டனையை ஆதரிக்கும் கிறிஸ்தவர்களும் எதிர்க்கும் கிறிஸ்தவர்களும் இன்றுவரை ஒரே நூலிலிருந்து சான்று காட்டுவதற்கு இதுவே காரணம்.

குறிப்பேடு என்னும் நூலில் உள்ள மற்றொரு செய்தி இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருக்கமானது. தாவீது அரசரின் போர்களைக் கடவுளின் துணையோடு வென்றவையாகவே விவிலியம் சித்தரிக்கிறது. இருந்தும், மிகுந்த குருதி சிந்தியவர் என்பதாலேயே எருசலேமில் ஆலயம் கட்டும் பணி அவருக்கு மறுக்கப்பட்டு, அவர் மகன் சாலமோனுக்கு விடப்படுகிறது. வெற்றிக்குத் துணைநின்ற கடவுளும் அந்தக் குருதியைப் பொருட்படுத்தாமல் விடவில்லை என்ற எண்ணம் இங்கே தொடங்குகிறது. இயேசு தம் மலைப்பொழிவில் இதை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுசென்றார். கொலையைத் தடுக்கும் பழைய கட்டளையை எடுத்துக்கொண்டு, கொலையின் வேரான சினத்தையும் இழிசொல்லையுமே தீர்ப்புக்கு உரியவை ஆக்கினார். பகைவரையும் அன்பு செய்யுமாறு பணித்தார்.

முதல் மூன்று நூற்றாண்டுகள்

தொடக்ககாலத் திருச்சபை இப்போதனையை நேரடியாகவே எடுத்துக்கொண்டது. மிகப் பழைய கிறிஸ்தவக் கையேடுகளுள் ஒன்றான திதாக்கே, கருக்கலைப்பையும் பிறந்த குழந்தையைக் கொல்வதையும் கொலையோடு சேர்த்துத் தடைசெய்கிறது. வேண்டாத குழந்தைகளைத் தெருவில் எறிந்துவிடும் வழக்கம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்த உரோமைச் சமூகத்தில் இது பெரும் மாற்றுக் குரலாக ஒலித்தது. ஹிப்போலித்துவின் பெயரால் அறியப்படும் ‘திருத்தூதர் மரபு’ என்னும் ஒழுங்குநூல், மனிதரை மனிதரோடு மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் அரங்கங்களின் வாள்வீரர்கள் அத்தொழிலை விட்டால்தான் திருமுழுக்குப் பெறலாம் என்கிறது. படையில் இருப்பவருக்கு ஆணையிடப்பட்டாலும் அவர் கொல்லக்கூடாது என்றும் விதிக்கிறது. பேதுருவின் வாளை உறையில் இடச் செய்தபோதே கிறிஸ்து எல்லாப் படைவீரரின் ஆயுதத்தையும் களைந்துவிட்டார் என்பது கார்த்தேஜ் நகர எழுத்தாளர் தெர்த்துல்லியனின் வாதம். கி.பி. 295இல், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தெவெஸ்தே என்னும் ஊரில், மாக்சிமிலியன் என்ற 21 வயது இளைஞர் கிறிஸ்தவர் என்ற காரணத்தால் படையில் சேர மறுத்துத் தலை கொடுத்தார்.

இதனால் அக்காலக் கிறிஸ்தவர் எவருமே படையில் இருந்ததில்லை என்று கொள்ள முடியாது. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே உரோமைப் படைகளில் கிறிஸ்தவர் இருந்ததற்குச் சான்றுகள் உண்டு. திருச்சபையின் போதனைக்கும் மக்களின் வாழ்க்கைக்கும் இடையே அப்போதே இடைவெளி இருந்தது; நான்காம் நூற்றாண்டில் பேரரசே கிறிஸ்தவமானபோது அந்த இடைவெளி பெரும் சிக்கலாக வளர்ந்தது.

பேரரசரின் தவம்

கான்ஸ்டன்டைன் 313இல் கிறிஸ்தவத்துக்கு உரிமை வழங்கிய பின், எல்லையைக் காப்பதும் குற்றவாளிகளைத் தண்டிப்பதும் கிறிஸ்தவ அரசர்களின், கிறிஸ்தவ அதிகாரிகளின் கடமைகள் ஆயின. கொல்லாமையை மட்டும் சொல்லிக்கொண்டு ஆட்சி நடத்த இயலாத நிலையில், இன்றைய துருக்கியில் உள்ள செசரியாவின் ஆயர் பசிலியார் கி.பி. 374 அளவில் ஆயர் அம்பிலோக்கியுவுக்கு எழுதிய மடல் ஒரு புதிய வழியைக் காட்டுகிறது. போரில் நிகழும் கொலைகளை முன்னோர் கொலைக்குற்றமாகக் கருதவில்லை என்பதை அவர் ஏற்கிறார். ஆயினும் அவ்வீரர்களின் கை தூய்மை இழந்துவிட்டதால் அவர்கள் மூன்று ஆண்டுகள் நற்கருணையிலிருந்து, அதாவது கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக நம்பப்படும் அப்பத்தையும் இரசத்தையும் பெறுவதிலிருந்து, விலகியிருப்பது நல்லது என்று அறிவுரை கூறுகிறார். குற்றம் என்று சொல்லாமல், குறையற்றது என்றும் சொல்லாமல், இரண்டுக்கும் இடையில் ஒரு பொறுப்பை அவர் நிலைநாட்டினார்.

இந்தப் பொறுப்புக்கு அரசரும் விலக்கல்லர் என்பதை 390ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது. தெசலோனிக்கா நகரில் மக்களின் விருப்பத்துக்குரிய தேரோட்டி ஒருவர் சிறையிடப்பட்டதால் எழுந்த கலவரத்தில் படைத்தலைவர் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்கும் வகையில், பேரரசர் தெயோதோசியுஸின் படைகள் அந்நகர மக்களைக் கூட்டங்கூட்டமாக வெட்டிச் சாய்த்தன. இறந்தவர் 7,000 பேர் என்று ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் தெயோதொரேத் எழுதுகிறார். மிலான் நகர ஆயர் அம்புரோசியார், பேரரசர் மனந்திரும்பித் தவம் செய்யாதவரை அவர் முன்னிலையில் திருப்பலி நிறைவேற்ற முடியாது என்று மடல் எழுதினார். உலகின் மிகப் பெரிய அதிகாரம் படைத்த அந்த மனிதர் அரச அணிகளைக் களைந்து, ஆலயத்தில் மக்கள் காண அழுது மன்னிப்பு வேண்டிய பின்னரே திரும்ப ஏற்றுக்கொள்ளப்பட்டார். கொல்லப்பட்டோர் எவரும் பிழைத்து வரவில்லை என்றாலும், அரசாணையால் நிகழ்ந்த கொலையும் கொலையே என்பது பொதுவெளியில் நிறுவப்பட்டது.

நியாயப் போர்க் கோட்பாட்டுக்கு வித்திட்ட அகுஸ்தினாரையும் இதே பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். போர் நியாயமாக இருக்க வேண்டுமானால் உரிய அதிகாரம், நேர்மையான காரணம், வெறுப்பற்ற நோக்கம் ஆகியவை வேண்டும் என்றார் அவர். அத்தகைய போரையும் அறிவுள்ள மனிதர் துயரத்தோடு மட்டுமே மேற்கொள்வார் என்றும் எழுதினார். தம் குருக்களுள் ஒருவரைக் கொன்று மற்றொருவரின் உடலைச் சிதைத்த, திருச்சபையிலிருந்து பிரிந்துபோன தரப்பினருக்கு மரண தண்டனையோ உறுப்பு வெட்டலோ கூடாது என்று 411ஆம் ஆண்டை ஒட்டி அதிகாரி மார்செல்லினுவிடம் அவர் மன்றாடியதும் வரலாறே. ஆனால் அதே அகுஸ்தினார், பிரிந்துபோன கிறிஸ்தவரை அரசின் வற்புறுத்தலால் திருச்சபைக்குத் திருப்பலாம் என்றும் ஏற்றார். பின்னாளில் பலர் அந்த ஒப்புதலைக் கொடுமைக்குக் கருவியாக்கினர்.

உயிருக்கு ஓர் ஆண்டு

இடைக்கால ஐரோப்பாவில் இந்தச் சிந்தனை தவமுயற்சி நூல்களாக வடிவெடுத்தது. எந்தப் பாவத்துக்கு எத்தனை நாள் நோன்பு, எத்தனை ஆண்டு மன்றாட்டு என்று குருக்களுக்கு வழிகாட்டியவை அந்நூல்கள். 1066இல் நார்மண்டி நாட்டு வில்லியம் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று இங்கிலாந்தைக் கைப்பற்றினார். திருத்தந்தையின் ஆதரவைப் பெற்றிருந்ததாகக் கருதப்பட்ட போர் அது. சில ஆண்டுகளுக்குள் திருத்தந்தையின் தூதர் எர்மென்பிரிட், வென்ற படைக்கே தவம் விதித்தார். போரில் தான் கொன்றதாக அறிந்த ஒவ்வொரு மனிதருக்கும் வீரர் ஓர் ஆண்டு தவம் செய்ய வேண்டும். தான் வெட்டியவர் இறந்தாரா இல்லையா என்று தெரியாவிட்டால் ஒவ்வொருவருக்கும் 40 நாள். எத்தனை பேர் என்றே தெரியாவிட்டால் வாழ்நாள் முழுவதும் வாரம் ஒரு நாள். தம் அம்பு எவர்மேல் பட்டது என்றே அறிய முடியாத வில்லாளர்களுக்கும் தனியே தவம் விதிக்கப்பட்டது. இத்தவத்துக்கு ஈடாக ஆலயம் கட்டவும் இடமிருந்ததால் செல்வருக்கு அது எளிதாகியிருக்கலாம். ஆயினும் எதிரியின் ஒவ்வொரு உயிரும் தனித்தனியே எண்ணப்பட வேண்டும் என்ற நெறி போர்க்களத்தில் வென்றவர் மீதே சுமத்தப்பட்டது.

கிழக்கிலும் இதே உறுதி காணப்பட்டது. பத்தாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் நிக்கிபோரஸ், போரில் இறந்த வீரர்களை மறைசாட்சியராக, அதாவது நம்பிக்கைக்காக உயிர்நீத்த புனிதராக, அறிவிக்க வேண்டும் என்று கேட்டார். கான்ஸ்டான்டிநோபிளின் முதுபெரும் தந்தை பொலியூக்டஸ் பசிலியாரின் பழைய அறிவுரையை எடுத்துக்காட்டி அதை மறுத்துவிட்டார். மேற்கு ஐரோப்பாவிலோ 989இல் ஷரூ நகரச் சங்கம் தொடங்கிவைத்த ‘கடவுளின் சமாதானம்’ என்னும் இயக்கம் குருக்களையும் ஏழை உழவர்களையும் கொள்ளையிலிருந்து காக்க முயன்றது; அதைத் தொடர்ந்த ‘கடவுளின் போர்நிறுத்தம்’ வாரத்தின் சில நாள்களில் சண்டையையே தடைசெய்தது.

தவம் தலைகீழானபோது

இந்த நெறி 1095இல் தலைகீழாகப் புரட்டப்பட்டது. கிளேர்மோன் சங்கத்தில் திருத்தந்தை இரண்டாம் உர்பன், புகழுக்கோ பணத்துக்கோ அன்றிப் பக்தியால் எருசலேமை மீட்கப் புறப்படுவோருக்கு அப்பயணமே எல்லாத் தவத்துக்கும் ஈடாகும் என்று அறிவிக்கச் செய்தார். கொன்றதற்காகத் தவம் செய்த நிலை மாறி, கொல்லச் செல்வதே தவம் ஆயிற்று. அதன் விளைவு வெகு விரைவில் வெளிப்பட்டது. 1096இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டங்கள் ரைன் நதிக்கரை நகரங்களான வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் யூத மக்களைக் கொன்று குவித்தன. 1099 ஜூலை 15 அன்று எருசலேம் வீழ்ந்தபோது அங்கிருந்த முஸ்லிம்களும் யூதர்களும் பெருந்திரளாகக் கொல்லப்பட்டனர். ஸ்பேயர் நகர ஆயர் ஜான் தம் ஊர் யூதரில் பெரும்பாலோரைக் காத்தது போன்ற செயல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே நிகழ்ந்தன.

புனிதராகப் போற்றப்படும் கிளேர்வோ பெர்னார்து, தீயவனைக் கொல்லும் கிறிஸ்தவ வீரன் மனிதனைக் கொல்லவில்லை, தீமையையே கொல்கிறான் என்னும் பொருள்பட எழுதினார். அதே பெர்னார்து, 1146இல் ரைன் நாட்டில் யூதருக்கு எதிராக மக்களைத் தூண்டிய துறவி ஒருவரை நேரில் சென்று அடக்கியவரும் ஆவார். எதிரே நிற்பவரிடம் தீமையை மட்டும் கண்டு, அவரிடமுள்ள கடவுளின் சாயலைக் காண மறுக்கும் பார்வை நல்லெண்ணம் உள்ளவரையும் எவ்வளவு தொலைவு இழுத்துச்செல்லும் என்பதற்கு இந்த முரண்பாடே சான்று. கொலையைப் புண்ணியமாக்கிய இந்தப் பிழை, கிறிஸ்தவத்தின் பகைவர் சுமத்திய பழி அன்று. திருச்சபையின் உச்சியிலிருந்தே பிறந்த பிழை.

மன்னிப்பை மறுத்த ஆயர்

அமெரிக்கக் கண்டத்தை ஸ்பானியர் கைப்பற்றியபோது பழைய கணக்கு மீண்டும் கேட்கப்பட்டது. 1511இல் ஹிஸ்பானியோலா தீவில் அந்தோனியோ தெ மொந்தெசினோஸ் என்ற தொமினிக்கன் சபைத் துறவி, பூர்வகுடி மக்களை உழைப்பால் கொன்றுகொண்டிருந்த குடியேறிகளைப் பார்த்து, அம்மக்கள் மனிதர் அல்லரோ என்று மேடையிலிருந்தே கேட்டார். அத்தீவில் பூர்வகுடியினரின் உழைப்பைப் பெற்று வாழ்ந்த பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்ற குருவுக்கு, அந்தக் காரணத்துக்காகவே துறவி ஒருவர் பாவமன்னிப்பு வழங்க மறுத்தார். பாவங்களைக் குருவிடம் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் என்னும் அருளடையாளம் கத்தோலிக்கரின் வாழ்வில் எவ்வளவு முதன்மையானது என்பதை அறிந்தோருக்கே அந்த மறுப்பின் எடை விளங்கும். லாஸ் காசாஸ் 1514இல் தம் உடைமைகளைத் துறந்து, எஞ்சிய வாழ்நாளைப் பூர்வகுடி மக்களுக்காக வாதிடுவதில் கழித்தார். இன்றைய மெக்சிகோவைச் சேர்ந்த சியாபாஸின் ஆயரானபோது அவர் அதே கருவியையே கையில் எடுத்தார்: அடிமைகளை விடுவித்து, பறித்ததைத் திருப்பித் தராத எவருக்கும் குருக்கள் பாவமன்னிப்பு அளிக்கக்கூடாது என்று நெறி வகுத்தார்.

பூர்வகுடியினரைக் காக்கும் வேகத்தில் ஆப்பிரிக்க அடிமைகளை இறக்குமதி செய்யலாம் என்று ஒரு காலத்தில் அவர் பரிந்துரைத்திருந்தார். அதன் கொடுமையை அறிந்தபின் அதற்காக வருந்தி, தம் அறியாமை கடவுளின் தீர்ப்பில் தம்மைக் காக்குமா என்று ஐயுற்று எழுதினார். பிறரிடம் கேட்ட கணக்கைத் தம்மிடமும் கேட்டுக்கொண்டதால்தான் அவருடைய குரலுக்கு இன்றும் மதிப்பு உண்டு.

வாளை மறுத்தவர்களும் சுமை ஏற்றவரும்

சீர்திருத்தக் காலத்தில் முதல் நூற்றாண்டுகளின் கண்டிப்பு சிறுபான்மையினரிடம் உயிர்பெற்றது. வளர்ந்தோருக்கே திருமுழுக்கு என்று கொண்ட அனபாப்டிஸ்டுகள் 1527இல் ஷ்லைட்ஹைம் அறிக்கையில் வாளேந்துவதைக் கிறிஸ்தவருக்குரியதன்று என்று விலக்கினர். அதை வரைந்தவராகக் கருதப்படும் மிக்கேல் சாட்லர் அதே ஆண்டில் கொல்லப்பட்டார். நெதர்லாந்தில் தம்மைப் பிடிக்கத் துரத்தி வந்தவர் உறைந்த நீர்நிலையின் பனிக்கட்டி உடைந்து மூழ்கியபோது, டிர்க் வில்லெம்ஸ் என்ற அனபாப்டிஸ்ட் திரும்பி ஓடி அவரைக் காப்பாற்றினார். அதனாலேயே பிடிபட்டு 1569இல் எரிக்கப்பட்டார். அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் குவேக்கர்கள் எல்லாப் போர்களையும் விலக்குவதாக மன்னர் இரண்டாம் சார்லஸிடம் அறிவித்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் ஹிட்லரின் ஆட்சி இரு வகைச் சாட்சிகளைக் கண்டது. ஆஸ்திரியாவின் கத்தோலிக்க உழவர் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர், அநீதியான போரில் படைவீரராகப் பணியாற்ற மறுத்து 1943 ஆகஸ்ட் 9 அன்று தலை வெட்டப்பட்டார். ஜெர்மன் லுத்தரன் போதகர் டீட்ரிக் பொன்ஹோபரோ, அகிம்சையில் ஆழ்ந்த நாட்டம் கொண்டிருந்தும், ஹிட்லரை வீழ்த்தச் சதி செய்த குழுவில் இணைந்து, 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர் இறந்தபின் வெளிவந்த ‘ஒழுக்கவியல்’ நூலின் வாதம் கவனத்துக்குரியது. பொறுப்போடு செயல்படும் மனிதர் பிறருக்காகக் குற்றத்தைத் தம்மேல் ஏற்க நேரலாம் என்கிறார் அவர். ஆனால் அச்செயலை நியாயம் என்று அறிவித்து அவர் தம்மைக் கழுவிக்கொள்வதில்லை, கடவுளின் இரக்கத்திடம் தம்மை ஒப்படைத்துவிடுகிறார். பசிலியாரின் மடலும் பொன்ஹோபரின் நூலும் இங்கே கைகோக்கின்றன.

இன்றைய நிலை

அணுகுண்டின் காலத்தில் திருச்சபைகளின் பார்வை மேலும் கூர்மையாயிற்று. நகரங்களை மக்களோடு சேர்த்து அழிக்கும் எந்தப் போர்ச் செயலும் கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றம் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. மரண தண்டனையை நூற்றாண்டுகளாக ஏற்றுவந்த கத்தோலிக்கத் திருச்சபை, 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில் தன் மறைக்கல்வி நூலைத் திருத்தி, மனித மாண்புக்கு எதிரான அத்தண்டனை ஏற்க முடியாதது என்று எழுதிக்கொண்டது. காயின்மேல் இடப்பட்ட அடையாளத்துக்கு இவ்வாறு ஒரு சட்டப் பொருளும் கிடைத்தது. அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்ட் மாநாடோ 2000இல் மரண தண்டனையை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. கருக்கலைப்பு குறித்தும் புராட்டஸ்டன்ட் சபைகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. கருக்கலைப்பைக் கடும் பாவமாகவே கருதும் கத்தோலிக்கத் திருச்சபையில், அதற்கு மன்னிப்பு வழங்கும் அதிகாரம் 2016இல் எல்லாக் குருக்களுக்கும் நிலையாக நீட்டிக்கப்பட்டது. பாவத்தின் கனத்தைக் குறைக்காமலே மன்னிப்பின் வாசலை அகலத் திறக்கும் முயற்சி அது.

கொன்றவருக்குத் தவம் விதித்த பழைய வழக்கத்தின் பயனை இன்று மருத்துவத் துறையும் உணரத் தொடங்கியுள்ளது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியோருக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜானதன் ஷே போன்றோர், தன் மனச்சான்றுக்கு மாறானதைச் செய்ததால் அல்லது காண நேர்ந்ததால் ஏற்படும் உள்ளக் காயத்தை ஒழுக்கக் காயம் என்று அழைத்தனர். நாட்டுக்காகத்தானே கொன்றாய், வருந்தாதே என்ற ஆறுதல் அக்காயத்தை ஆற்றுவதில்லை. நடந்தது ஓர் உயிரின் இழப்பு என்பதை ஒப்புக்கொண்டு, அதைச் சுமப்பதற்கு ஒரு காலத்தையும் வழியையும் தந்து, இறுதியில் மன்னிப்போடு சமூகத்துக்குள் அழைத்துக்கொண்ட பழைய தவமுறை, கொல்லப்பட்டவரின் மதிப்பையும் கொன்றவரின் மனத்தையும் ஒருசேரக் காத்தது.

எப்போது கொல்லலாம் என்ற கேள்வியில் கிறிஸ்தவர்கள் இன்னும் வேறுபடுகின்றனர், இனியும் வேறுபடுவர். ஆனால் கொலையைப் பெருமையாகவோ பக்தியாகவோ பேசும் உரிமை அவர்களுள் எவருக்கும் இல்லை என்பதை அவர்களுடைய மரபின் சிறந்த பகுதி தெளிவாகச் சொல்கிறது. வெற்றி விழாக்களில் எதிரியின் பிணங்களை எண்ணி மகிழும் அரசுகளும், நம்பிக்கையின் பெயரால் அண்டைவீட்டாரைப் பகைவராக்கும் கூட்டங்களும் எல்லா நாடுகளிலும் எல்லாச் சமயங்களிலும் பெருகிவரும் இக்காலத்தில், வென்ற படையையே நிறுத்தி ஒவ்வோர் உயிருக்கும் கணக்குக் கேட்ட அந்தப் பழைய துணிவே திருச்சபைகள் உலகுக்குத் தர வேண்டிய முதற்கடன்.